பெயரை மறைக்க வந்த புலி: பணம் திரும்புமா, வேலை கிடைக்குமா?

கேள்வி: எனக்கு 22 வயது. திண்டுக்கல் பக்கம் ஊர். கல்லூரியில் படித்தபோது இடது முன்கையின் உட்புறம் காதலியின் பெயரை டாட்டூ போட்டிருந்தேன். அந்தக் கதை முடிந்துவிட்டது. கோவையில் ஒரு ஸ்டுடியோவில், ‘பழையது துளிகூடத் தெரியாது’ என்று வாட்ஸ்அப்பில் சொன்னார்கள். 9,000 ரூபாய் கொடுத்து அதன்மேல் புலி முகம் போட்டேன். நான்கு மாதம் ஆகிறது. புலியின் நெற்றியில் பெயர் அப்படியே தெரிகிறது. ஓரத்தில் தோல் தடித்துவிட்டது. கேட்டால், ‘பணம் திரும்பக் கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாயே’ என்கிறார்கள். துணை ராணுவப் படை கான்ஸ்டபிள் தேர்வு எழுதப் போகிறேன். போலீஸில் புகார் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் சொன்ன வேலை விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். 9,000 ரூபாயை விட அது பெரிது.

துணை ராணுவம் என்று நாம் சொல்லும் மத்திய ஆயுதப் படைகளுக்கான மருத்துவ விதியில் டாட்டூவுக்கு முழுத் தடை இல்லை. முன்கையின் உட்புறத்தில், அதுவும் சல்யூட் அடிக்காத இடது கையில் இருக்கலாம்; புறங்கையில் இருக்கலாம். மதச் சின்னம், பெயர் ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. அளவு மட்டும் அந்த உறுப்பில் கால் பங்குக்குள் அடங்க வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தச் சின்னப் பெயர் விதிக்குள்தான் இருந்தது. சிக்கல் புலியால் வந்தது. தோலின் உள்ளடுக்கில் இருக்கும் பழைய மையைப் புதிய மை சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல் மூடிவிடாது. இரண்டும் கலந்துதான் தெரியும். அதனால்தான் மறைப்பு டாட்டூவைப் பெரிதாகவும் அடர்த்தியாகவும் போடுகிறார்கள். ஆகவே புலிக்கு மேல் இன்னொன்று போட யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள். அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் காட்டுங்கள். லேசர் வேண்டுமா, தடித்த தோலுக்கு அது ஒத்துவருமா என்று மருத்துவர் சொல்லட்டும். லேசர் ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. பல வார இடைவெளி விட்டு விட்டுப் பல முறை போக வேண்டியிருக்கும். உடல் தகுதித் தேர்வுக்கு முந்தின வாரம் ஓடினால் பலனில்லை. டாட்டூவைக் காரணம் காட்டி நிராகரிக்கப்பட்டு, அதை நீக்கிய பிறகு டெல்லி உயர் நீதிமன்றம் வரை போனவர்கள் உண்டு. அந்த அலைச்சல் உங்களுக்கு எதற்கு?

இனி பணம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி இது சேவைக் குறைபாடு. ஊசி குத்துவதற்கும் அதில் வழக்கமாக வரும் வலி, வீக்கத்துக்கும்தான் நீங்கள் சம்மதித்தீர்கள். கவனக்குறைவான வேலைக்கு யாரும் சம்மதக் கையெழுத்துப் போடுவதில்லை. குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தை, ரசீதில் கெடு எதுவும் இல்லாவிட்டால் 30 நாளுக்குள் திருப்பித் தர மறுப்பதையே அந்தச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டுத் தாக்காதீர்கள். அந்த வகைப் புகாரை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்க முடியும். அதுவரை அலைய வேண்டிவரும். ‘சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை’ என்று எழுதினால் மாவட்ட ஆணையமே போதும். நீங்கள் குடியிருக்கும் திண்டுக்கல்லிலேயே தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை (என் தொழிலுக்கு நானே வைக்கும் வேட்டு!). நுகர்வோர் புகார்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதிவு செய்யலாம். இரண்டு ஆண்டு அவகாசம் இருந்தாலும், தோலின் இன்றைய நிலை நாளை இருக்காது. முதலில் பதிவுத் தபாலில் 15 நாள் கெடு வைத்து ஒரு கடிதம் அனுப்புங்கள். பல கடைக்காரர்கள் அதிலேயே இறங்கி வந்துவிடுவார்கள்.

‘துளிகூடத் தெரியாது’ என்ற அந்த வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் வழக்கின் உயிர். அதை அழித்துவிடாதீர்கள். அவர்கள் ‘லேசாக நிழல் தெரியலாம்’ என்று சொல்லியிருந்தால் நானே உங்களை வழக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். ஜிபே ரசீது, போடும் முன்பும் ஆறிய பிறகும் எடுத்த படங்கள், தோல் மருத்துவரின் சான்று எல்லாம் சேரட்டும். படிவத்தின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். சிகிச்சைச் செலவு, மன உளைச்சல் இரண்டுக்கும் இழப்பீடு கோரலாம். ஆனால் லட்சக்கணக்கில் வரும் என்று நம்பி உட்காராதீர்கள்.

போலீஸ் புகாரை நான் பரிந்துரைக்கவில்லை. அஜாக்கிரதையால் காயம் விளைவித்ததற்கு புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 125-ஆவது பிரிவு இருக்கிறது. ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆனால் அழுக்கு ஊசியால் தொற்று வந்தது போன்ற ஆதாரம் இருந்தால்தான் அது நிற்கும். 2024 டிசம்பரில் திருச்சியில் நாக்கைப் பிளந்த டாட்டூ கடைக்குச் சீல் வைத்துக் கைது வரை போனார்கள் என்றால், அது மருத்துவர் செய்ய வேண்டிய அறுவையைக் கடையில் வைத்துச் செய்ததால். பெயர் தெரிகிறது என்பதற்கு ஸ்டேஷனில் ‘கோர்ட்டுக்குப் போப்பா’ என்றுதான் சொல்வார்கள்.

நண்பர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஸ்டுடியோவுக்கு நியாயம் கேட்கவும் போகாதீர்கள். அங்கே ஒரு கைகலப்பாகி உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். விழுந்தால், வேலைக்கு முன் நடக்கும் போலீஸ் விசாரணையில் அதுவும் வந்து நிற்கும். அதை மறைக்க எந்தப் புலியும் கிடையாது.