கவனத்தைக் கூட்டும் மாத்திரையை நீட் தேர்வுக்காகத் தம்பிக்கு வாங்கித் தரலாமா?

நண்பன் சாப்பிடும் ‘கவன மாத்திரை’ தனக்கும் வேண்டும் என்று, நீட் தேர்வுக்குப் படிக்கும் உங்கள் தம்பி கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். மருந்து என்றாலே முகம் சுளிக்கிற ஆள் இல்லை நான். கவனம் நிலைக்காமலும் ஓரிடத்தில் இருக்க முடியாமலும் செய்கிற ஏ.டி.எச்.டி. என்ற குறைபாடு உள்ள என் மகன் இரண்டாம் வகுப்பிலிருந்து அந்த மாதிரி மாத்திரையைத்தான் சாப்பிடுகிறான். அது அவனுக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

மெத்தில்ஃபெனிடேட் என்பது மருந்தின் பெயர். 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் உருவாக்கியது. ரிட்டா என்ற தன் மனைவியின் செல்லப்பெயரை ஒட்டி அவர் வைத்ததுதான் ரிட்டாலின். ஏ.டி.எச்.டி.க்கும், பகலில் கட்டுப்படுத்த முடியாமல் தூக்கம் அமுக்கும் நார்கோலெப்சிக்கும் இதைக் கொடுக்கிறார்கள். “ஏற்கெனவே ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைக்கு ஊக்க மருந்தா?” என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்விதான். மூளையில் நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமினும் நார்அட்ரினலினும் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும்படி இது செய்கிறது. தோன்றியதையெல்லாம் உடனே செய்துவிடாமல் அடக்கும் மூளையின் முன்பகுதிக்கு அதனால் வலுக் கிடைக்கிறது. கணக்கு நோட்டில் மூன்றாவது வரியிலேயே எழுந்து ஓடியவன், இப்போது பக்கத்தை முடித்துவிட்டு ஓடுகிறான்.

விலையும் உண்டு. மதிய டப்பாவில் தயிர் சாதம் வைத்தது வைத்தபடி திரும்பி வரும். மருந்தின் வேகம் தணிந்த பிறகு, சாயங்காலம் அடுப்படியை விட்டு நகர மாட்டான். கூடவே காரணமில்லாத அழுகை, எரிச்சல். அதனால் மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய இட்லி, ராத்திரி படுக்கும் முன் இன்னொரு சாப்பாடு. தாமதமாகக் கொடுத்தால் தூக்கம் போய்விடும். சில பிள்ளைகளுக்கு வளர்த்தி கொஞ்சம் மந்தப்படும் என்பதால், மருத்துவரிடம் போகும்போதெல்லாம் உயரம், எடை, நாடித் துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள்.

மருந்து எழுதுவதற்கு முன், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று மாரடைத்து இறந்திருக்கிறார்களா, யாருக்காவது மனநோய் உண்டா என்று மருத்துவர் துருவித் துருவிக் கேட்டார். இதயக் கோளாறு மறைந்திருப்பவருக்கு இது ஆபத்தாக முடியலாம். அரிதாகச் சிலருக்குக் காதில் குரல் கேட்பது, வீண் சந்தேகம், அடங்காத பரபரப்பு என்று மனமே தடுமாறிவிடும். நண்பன் நீட்டும் மாத்திரையோடு இந்தக் கேள்விகளெல்லாம் வராது.

2023-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., இவ்வகை மருந்துகளின் விவரக் குறிப்பில் கட்டம் கட்டி அச்சிடும் கடும் எச்சரிக்கையைத் திருத்தியது. தவறாகப் பயன்படுத்துபவர்களில் பெரும்பாலானோருக்கு மாத்திரை கிடைப்பது வீட்டாரிடமிருந்தும் நண்பர்களிடமிருந்தும்தான் என்று அப்போது குறிப்பிட்டது. அடிமையாதல், அளவு மீறி உயிரிழத்தல் இரண்டையும் சேர்த்தே எச்சரித்தது.

சரி, மதிப்பெண்ணாவது ஏறுமா? அதே 2023-இல் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 40 பேரைச் சோதித்தார்கள். எடை வரம்புள்ள ஒரு பைக்குள் எந்தெந்தப் பொருளைப் போட்டால் மொத்த மதிப்பு அதிகமாகும் என்பது கணக்கு. மெத்தில்ஃபெனிடேட் சாப்பிட்டபோது மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டதைவிட அதிக நேரம் மல்லுக்கட்டினார்கள். ஆனால் முயற்சியின் தரம் குறைந்தது. நன்றாகப் படிக்கிறோம் என்ற நினைப்பு மட்டும் வரும். நீட்டில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிப்பார்கள் என்பதைத் தம்பிக்கு நினைவூட்டுங்கள்.

சட்டமும் இருக்கிறது. இந்த மருந்து 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டப் பட்டியலில் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்குவதும் விற்பதும் குற்றம். சீட்டு இருந்தும் நான் நாலு கடை ஏறி இறங்குகிறேன், அது வேறு கதை.

தம்பிக்குச் சிறுவயதிலிருந்தே கவனம் நிற்பதில்லை என்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்று பார்ப்பார்கள். ஆரம்பப் பள்ளி மதிப்பெண் அட்டைகள், ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் பீரோவில் கிடந்தால் கையோடு எடுத்துப் போங்கள். அம்மாவும் உடன் வந்தால் நல்லது.