பழைய பாஸ்வேர்டில் நுழைந்ததற்கு 66ஆவது பிரிவா?

வேலையை விட்டபிறகு பழைய பாஸ்வேர்டில் நுழைந்து சம்பளச் சீட்டை மட்டும் இறக்கினேன், கம்பெனி போலீசில் புகார் கொடுத்துவிட்டது என்கிறீர்கள். பதறாதீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43ஆவது பிரிவில் அனுமதியில்லாமல் நுழைந்ததற்கு இழப்பீடுதான். அதையே நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால்தான் 66, அதாவது 3 ஆண்டு வரை சிறை, இல்லை 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். ஆக, வழக்கே உங்கள் நோக்கத்தைச் சுற்றித்தான் நடக்கும். ஜாமீனில் விடக்கூடிய குற்றம்தான், இன்ஸ்பெக்டருக்குக் கீழே உள்ளவர் விசாரிக்கவும் முடியாது. சீட்டு கேட்டு எச்.ஆருக்கு இரண்டு முறை மெயில் போட்டேன் என்றீர்களே, அதைத் தேதியோடு பிரிண்ட் எடுத்து வக்கீலிடம் கொடுங்கள். லேப்டாப்பில் எதையும் அழிக்காதீர்கள், அதுவே உங்களுக்கு எதிராகத் திரும்பும். அப்புறம், பழைய மேனேஜருக்கு வாட்ஸ்அப்பில் மன்னிப்புக் கடிதம் எதுவும் தட்டிவிட வேண்டாம், சரியா?