வீட்டுச் சுவரில் லிண்டல் என்பது என்ன, அது ஏன் தேவை?

கதவு, ஜன்னல் போன்ற திறப்புகளுக்கு மேலே, இருபுறச் சுவர்களிலும் குறைந்தது 15 சென்டிமீட்டர் அமரும்படி படுக்கைவாட்டில் அமைக்கப்படும் சிறு உத்திரமே லிண்டல். அடியில் தாங்கல் இல்லாத அந்த இடைவெளிக்கு மேலுள்ள சுவரின் எடையை வாங்கி, அது பக்கச் சுவர்களுக்குக் கடத்துகிறது.

லிண்டல் பெரும்பாலும் கான்கிரீட்டில் வார்க்கப்படுகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவிசையை அவ்வளவாகத் தாங்காது. அழிரப்பர் ஒன்றின் இரு முனைகளையும் விரல்களில் தாங்கி நடுவில் அழுத்தினால், மேற்புறம் நெருங்குவதையும் அடிப்புறம் விரிவதையும் காணலாம். விரியும் அந்த அடிப்புறத்தில்தான், இழுவிசையைத் தாங்கும் லிண்டலின் முக்கிய இரும்புக் கம்பிகள் செல்ல வேண்டும். (வார்த்த பிறகு கம்பி கண்ணுக்குத் தெரியாது, முன்பே பார்த்துவிடுங்கள்.)

சன்ஷேடும் லிண்டலும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். சேர்த்தே வார்க்கப்பட்டாலும், வெயில் மழையைத் தடுக்க வெளியே நீண்டிருக்கும் சன்ஷேடு சுவரைத் தாங்குவதில்லை, ஒருபுறம் மட்டுமே பிடிப்புள்ள அதில் மேற்புறமே விரியும் என்பதால், முக்கியக் கம்பி மேற்புறத்தில் வர வேண்டும்.