வெள்ளையணு எண்பதாயிரம், ஆனாலும் காய்ச்சல்: ஏ.எம்.எல். கேள்வி பதில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாக்டர் இல்லை. இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஸ்லைடு பார்ப்பவள். மருந்தளவை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மற்றதை இங்கே கேட்கலாம். ஏ.எம்.எல். என்றால் அக்யூட் மைலாய்டு லுகேமியா, வேகமாக வளரும் ஒரு வகை இரத்தப் புற்றுநோய்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு வெள்ளையணு 80,000 இருக்கிறது. அவ்வளவு இருந்தும் ஏன் கிருமித்தொற்று?

பதில்: ஆள் கூட்டம்தான், வேலைக்காரன் ஒருவனும் இல்லை. பிளாஸ்ட் என்னும் முதிராத அணுக்கள் அவை. ஸ்லைடில் பார்த்தால் செல்லையே அடைத்துக்கொண்டு பெரிய கரு, சுற்றி மெல்லிய நீல விளிம்பு, சிலவற்றுக்குள் சிவந்த ஊசி மாதிரி ஒன்று கிடக்கும். ஆவர் கம்பி என்று பெயர், அது கண்ணில் பட்டால் மைலாய்டு வகை என்று புரிந்துவிடும். ஆரோக்கியமான எலும்பு மஜ்ஜையில், அதாவது இரத்த அணுக்கள் உருவாகும் இடத்தில், பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குள் இருக்கும், 20 சதவீதத்தை எட்டினால் பொதுவாக ஏ.எம்.எல். என்பார்கள். மஜ்ஜையை இவை அடைத்துக்கொள்வதால் சிவப்பணு குறைந்து மூச்சு வாங்கும், தட்டணு (பிளேட்லெட்) குறைந்து ஈறில் இரத்தம் கசியும், காலில் சிவப்புப் புள்ளிகள் வரும். சிலருக்கு வெள்ளையணு எண்ணிக்கையே குறைவாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

கேள்வி: இது எத்தனையாவது ஸ்டேஜ்?

பதில்: இதில் ஸ்டேஜ் கணக்கே கிடையாது. இரத்தம் ஓடும் இடமெல்லாம் நோயும் போகும்போது எங்கே கோடு போடுவது? எஃப்.எல்.டி.3, என்.பி.எம்.1 போன்ற மரபணு மாற்றங்களும் குரோமோசோம் அறிக்கையும்தான் நோயின் போக்கைச் சொல்லும்.

கேள்வி: தம்பிக்கு ஏ.பி.எல். வகையாம். ரொம்ப மோசமா?

பதில்: ஏ.பி.எல். என்பது ஏ.எம்.எல்.லின் ஓர் உள்வகை. முதல் சில நாட்கள் மோசம், மூளையில்கூட இரத்தக்கசிவு ஆகலாம். அதனால் சந்தேகம் வந்த உடனேயே, மரபணு அறிக்கைக்குக்கூடக் காத்திராமல், வைட்டமின் ஏ குடும்பத்து ஆட்ரா மருந்தைத் தொடங்குவார்கள். அது செல்லை நேரடியாகக் கொல்லாமல் முதிர வைக்கும். கூடவே ஆர்சனிக், ஆமாம், நம் ஊர்ப்பேச்சில் பாஷாணம். ஆபத்துக் குறைந்த பிரிவில் இந்த ஜோடியால் 90 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள்.

கேள்வி: ரெமிஷன் வந்துவிட்டது என்கிறார்கள். அப்புறம் எதற்கு மறுபடி கீமோ?

பதில்: அதிகம் பேர் குழம்பும் இடம் இதுதான். முதல் சுற்றில் ஏழு நாள் சைட்டராபின், அதில் மூன்று நாள் டானோரூபிசின் மாதிரி இன்னொரு மருந்து என்பது பழகிய முறை. அதன் பிறகு பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, இரத்த அணுக்கள் மீண்டால் ரெமிஷன். ஆனால் என் மைக்ரோஸ்கோப்புக்குச் சிக்காமல் கோடிக்கணக்கில் மிச்சம் ஒளிந்திருக்கலாம், அப்படியே விட்டால் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அதற்குத்தான் மேலும் கீமோ, அல்லது இன்னொருவரின் ஸ்டெம் செல்லை, அதாவது இரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்லை, ஏற்றுவது.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது. அந்தக் கீமோவைத் தாங்குவாரா?

பதில்: பொதுவாக இந்த வயதில் அதைத் தர யோசிப்பார்கள். அசாசிட்டிடின் ஊசியும் வெனிடோக்ளாக்ஸ் மாத்திரையும் சேர்ந்த வழி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு வந்தது எனக்கும் வருமா?

பதில்: தொற்றாது. பரம்பரையாக வருவது அபூர்வம். ஒரே பெற்றோருக்குப் பிறந்தவர் என்றால் உங்கள் ஸ்டெம் செல் அண்ணனுக்கு முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு, பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கீமோ முடிந்து பத்து நாள். இப்போது கணவருக்கு 38.4 டிகிரி. பாரசிட்டமால் கொடுத்துவிட்டுக் காலையில் போகலாமா?

பதில்: வேண்டாம். கவுண்ட், அதாவது வெள்ளையணு எண்ணிக்கை, தரையில் கிடக்கும் நாட்கள் இவை, சீழ் பிடிக்கக்கூட அணு இருக்காது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். ஆன்டிபயாடிக் உடனே ஏற வேண்டும். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், கிளம்புங்கள்.