வளரும் குழந்தைக்கு எந்த மெத்தை நல்லது? உறுதியானதா, மென்மையானதா?

மெத்தையின் 'உறுதி' என்பது, படுப்பவரின் எடைக்கு அது எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான். அதனால் ஒரே மெத்தை இருவருக்கு இருவிதமாக இருக்கும். ஈர மணலில் பெரியவர் கால் வைத்தால் ஆழமாகப் பதியும், குழந்தையின் காலடி மேலோட்டமாகத்தான் தெரியும். மெத்தையும் அப்படித்தான். எனவே கடையில் நீங்கள் படுத்துப் பார்த்து முடிவு செய்வதில் பெரிய பயனில்லை, குழந்தையைப் படுக்க வையுங்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது பின்னாலிருந்து பார்த்தால் கழுத்து முதல் இடுப்பு வரை முதுகெலும்பு நேர்க்கோட்டில் இருக்க வேண்டும். இடுப்பு தொய்ந்தால் மெத்தை மிக மென்மை. தோளும் இடுப்பும் கொஞ்சமும் அமுங்காவிட்டால் மிகக் கடினம்.

ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் கணக்கே வேறு. சமதளமான, உறுதியான மெத்தைதான் வேண்டும். மென்மையான பரப்பில் முகம் புதைந்தால் மூச்சு தடைபடலாம். முதல் சில மாதங்களில் தானாகத் தலையைத் திருப்பிக்கொள்ளும் வலு போதாது. தலையணையும் வேண்டாம். மெத்தைக்கும் தொட்டில் கட்டிலின் ஓரத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி கூடாது.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு நீளத்தை வளர்ச்சிக்கும் சேர்த்து வாங்கலாம், உறுதியை இன்றைய எடைக்குப் பாருங்கள். கழற்றித் துவைக்கும் உறை இருந்தால் பாதித் தலைவலி மிச்சம்.

'கட்டாந்தரை போல இருந்தால்தான் முதுகு நேராக வளரும்' என்று பலர் நம்புகிறார்கள். பக்கவாட்டில் பார்த்தால் முதுகெலும்புக்கு இயல்பாகவே வளைவுகள் உண்டு, அவற்றைத் தாங்கும் நடுத்தர உறுதியே வளர்ந்த பிள்ளைகளுக்குப் போதும்.