‘வண்டியிலதான் இருக்கேன், சொல்லு!’

வாசகர் கேள்வி – பதில்

வண்டி ஓட்டும்போது செல்போன் பேசுவது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில். கவனித்துப் பாருங்கள்: கேட்டவர்களில் சிலர் ஓட்டுகிறவர்களே இல்லை, வீட்டில் காத்திருப்பவர்கள்.

என் கணவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. நாள் முழுக்க பைக்கில் சுற்றுகிறார். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு பேசுகிறார். கேட்டால், “கை ரெண்டும் ஹேண்டில்பார்லதானே இருக்கு?” என்கிறார். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

கை இருக்கட்டும், முதலில் ஹெல்மெட்டைப் பார்ப்போம். அடியை வாங்கிக்கொள்வதில் பெரும்பங்கு உள்ளே இருக்கும் தெர்மாகோல் அடுக்குக்குத்தான். அது நசுங்குவதால் மண்டை தப்பிக்கிறது. ஹெல்மெட் தலையோடும் கன்னத்தோடும் ஒட்டி நின்றால்தான் அந்த வேலை நடக்கும். ஆறு அங்குலப் போனை ஒரு பக்கம் செருகினால் ஹெல்மெட் மறுபக்கம் சாய்கிறது. இறுக்குகிறது என்று தாடைப் பட்டையைத் தளர்த்துகிறார்கள், சிலர் மாட்டுவதே இல்லை. விழுந்தால் ஹெல்மெட் தனியாக உருளும். உருளாமல் தலையிலேயே நின்றாலும், போனின் விளிம்பு கன்ன எலும்பில் நேராக அழுந்தும். போதாக்குறைக்கு ஒரு காது அடைபட்டதால், பின்னால் வரும் பஸ் எந்தப் பக்கம் ஹாரன் அடிக்கிறது என்றும் சரியாகப் பிடிபடாது.

இனி கை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது போன் நழுவும். நழுவுகிற பொருளைப் பிடிக்கக் கை தானாகப் போகும், யோசித்துப் போவதில்லை. இடக்கை போனால் கிளட்ச் போச்சு, வலக்கை போனால் முன் பிரேக் போச்சு.

காரில் புளூடூத்தில்தான் பேசுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரோடு பேசுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதை மட்டும் யாரும் தடுப்பதில்லையே!
– ஒரு வாசகர், பெருந்துறை

கேட்க வேண்டிய கேள்விதான். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. லாரி குறுக்கே வந்தால் அவர் பேச்சை நிறுத்துகிறார், “பாத்து, பாத்து” என்கிறார். போனில் இருப்பவருக்கு அது தெரியாது. நீங்கள் ஓவர்டேக் எடுக்கும் அதே நொடியில் அவர் ஜிஎஸ்டி கணக்கு கேட்பார். நீங்களும் பதில் சொல்வீர்கள், ஏனென்றால் போனில் இரண்டு நொடி மௌனமானால் “ஹலோ… ஹலோ… கேக்குதா?” என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் இதை சிமுலேட்டரில், அதாவது திரையில் சாலையைக் காட்டி நிஜமாக ஓட்டுவதுபோல் பயிற்சி தரும் பொறியில், சோதித்தார்கள். 2008இல் வெளியான ஆய்வு. நெடுஞ்சாலையில் போய், ஓய்விடம் வந்ததும் பிரிந்து உள்ளே போக வேண்டும், அவ்வளவுதான் வேலை. பக்கத்தில் நண்பரோடு பேசிக்கொண்டு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். போனில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள். அதே குழுவினரின் 2006ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் சங்கடமானது. அதில் போன் பேசுபவரையும் குடித்தவரையும் ஒப்பிட்டார்கள். ரத்தத்தில் 0.08 சதவீத மது. நம் நாட்டின் வரம்பு 0.03. முன்னால் போன வண்டியின் பின்னால் மூன்று பேர் மோதினார்கள். மூவருமே போன் பேசியவர்கள். கையில் பிடித்துப் பேசினாலும் கை படாமல் பேசினாலும் பெரிய வித்தியாசமில்லை என்பதும் அதில் தெரிந்தது. கனடாவில் டொராண்டோவின் 699 ஓட்டுநர்களின் போன் பதிவுகளை வைத்து 1997இல் வந்த ஆய்வும், பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு ஆகிறது, கை படாத கருவியால் அது குறையவில்லை என்றே சொன்னது.

காரணம், கண் பார்ப்பது வேறு, மனம் பதிவது வேறு. எதிர்முனைக்காரர் சொல்லும் வீட்டையோ ஆபீஸ் ஃபைலையோ மனம் படம் போட்டுக்கொண்டிருக்கும்போது, கண் முன்னால் இருக்கும் சைக்கிள்காரர் மேல் பட்டும் அவர் பதிய மாட்டார். “திடீர்னு வந்துட்டான் சார்” என்று காவல் நிலையத்தில் சொல்வதெல்லாம் பொய்யல்ல, ஓட்டியவருக்கு அப்படித்தான் இருந்திருக்கும்.

கணக்காகவும் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றால் 25 மீட்டர். அதன்பின் காய்ந்த தாரில் வண்டி நிற்க இன்னும் 20 மீட்டர். கவனம் சிதறி அரை நொடி தாமதமானால் எட்டு மீட்டர் கூடும். 45 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி 53இல் நிற்கும், இடையில் யாரும் இல்லாவிட்டால்.

சிக்னலில் நிற்கும்போது வாட்ஸ்அப் பார்க்கலாமா?
– ஒரு வாசகர், மதுரை

கூடாது. மெசேஜை மூடிய கணத்திலேயே மனம் சாலைக்குத் திரும்பிவிடுவதில்லை. காரின் குரல் கட்டளைகளை வைத்துச் செய்த ஓர் அமெரிக்க ஆய்வில், வேலை முடிந்த பிறகும் கவனச் சிதறல் 27 நொடி வரை நீடித்தது. பச்சை விழுந்து, பின்னாலிருப்பவர் ஹாரன் அடித்து, நிமிர்ந்து பார்த்ததும் ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறீர்கள். சாலையைப் பாதி கடந்து நிற்கும் பாட்டியை அந்த நேரத்தில்தான் பார்த்திருக்க வேண்டும்.

ஓடும் வண்டியில் டைப் அடிப்பது இன்னும் மோசம். அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தினர் லாரி ஓட்டுநர்களைக் கேமரா வைத்துக் கவனித்தபோது, டைப் செய்கையில் ஆறு நொடியில் 4.6 நொடி கண் சாலையில் இல்லை. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 100 மீட்டர் குருட்டு ஓட்டம்.

பிடித்தால் எவ்வளவு அபராதம்? கூகுள் மேப் பார்த்தாலும் தப்பா?
– ஒரு வாசகர், ஆவடி

தமிழ்நாட்டில் முதல் முறை 1,000 ரூபாய், மறுபடி சிக்கினால் 10,000. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், ஆபத்தாக ஓட்டுதல் என்ற தலைப்பில், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவி 2019 திருத்தத்தில் சேர்க்கப்பட்டது. அந்தப் பிரிவில் சிறைக்கும் இடமுண்டு. லைசென்ஸை மூன்று மாதமாவது முடக்கி வைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015லேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. ஆயிரம் ரூபாயைவிட இதுதான் பலருக்கு வலிக்கும்.

வழி பார்ப்பதற்கு மட்டும், கவனம் சிதறாத விதத்தில் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் விதி உண்டு. மேப்பைக் கையில் பிடித்துத் தேய்த்துக்கொண்டு போவது இதில் வராது. “கையில் பிடிக்கவில்லையே, ஹெல்மெட்டில்தானே இருந்தது” என்று வாதம் செய்யலாம். ஆனால், கவனமுள்ள ஓட்டுநர் ஆபத்து என்று உணரக்கூடிய எந்த ஓட்டுமுறையும் அதே பிரிவில் அடங்கும்.

படித்தவர்கள், விபத்தை நேரில் பார்த்தவர்கள்கூட இதை விடுவதில்லையே. ஏன்?
– ஒரு ஆசிரியை, தஞ்சாவூர்

தெரியாமல் செய்வதில்லை. சாலை தினமும் தப்பான பாடம் நடத்துகிறது. நூறு முறை பேசி நூறு முறையும் பத்திரமாக வீடு வந்தவருக்கு அனுபவம் சொல்வது ‘ஒன்றும் ஆகாது’ என்பதைத்தான். அந்த நூறில் எத்தனை முறை எதிரில் வந்தவர் ஒதுங்கிக் காப்பாற்றினார் என்பது அவருக்குத் தெரியாது. எதைக் கவனிக்காமல் போனோம் என்பதையும் சேர்த்தே கவனிக்காமல் போகிறோம்.

இரண்டாவது, மணியோசை. அது வங்கிக் கடன் விளம்பரமாக இருக்கலாம், பிள்ளையின் பள்ளிக்கூடமாகவும் இருக்கலாம். எப்போது இரை விழும் என்று தெரியாத புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் காட்டினார். லாட்டரிச் சீட்டு வாங்க வைப்பதும் இந்தக் குணம்தான். மணி அடிக்கும் வரை கட்டுப்பாடு இருக்கும், அடித்துவிட்டால் ‘யாராக இருக்கும்’ என்ற கேள்வியே பாதிக் கவனத்தைத் தின்றுவிடும்.

தன் திறமையில் நம்பிக்கையும் சேர்ந்துகொள்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதில் தான் கெட்டிக்காரன் என்று நினைப்பவர்களே அதைச் சோதித்தபோது பின்தங்கினார்கள், இதுவும் யூட்டாவில், 2013இல்.

ஆனால் நம் ஊரில் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது ‘ஏன் எடுக்கல?’ என்ற கேள்வி என்பது எங்கள் கருத்து. எடுக்காத போனுக்கு இங்கே அர்த்தம் உண்டு. மேலாளருக்கு அது அலட்சியம், மாமியார் வீட்டுக்கு அவமரியாதை. அதனால்தான் எடுத்தவுடன் “வண்டியிலதான் இருக்கேன், சொல்லு” என்கிறோம். ஆபத்தை ஒப்புக்கொள்ளும் வாக்கியமும் அனுமதி தரும் வாக்கியமும் ஒன்றாகிவிட்டது. எதிர்முனையில் பத்தில் ஒருவராவது “அப்புறம் பேசறேன்” என்று வைத்தால் ஆச்சரியம்.

உணவு டெலிவரி செய்கிறேன். போன் இல்லாமல் என் வேலையே இல்லை. என்ன செய்வது?
– ஒரு வாசகர், கோவை

கிளம்புமுன் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள். வாடிக்கையாளருக்குக் கடை வாசலிலிருந்தே போன் போட்டு அடையாளம் கேளுங்கள். வழியில் போகும்போது கேட்பதில்தான் சிக்கல். மேப்பில் முழு வழியையும் ஒருமுறை பார்த்து, கடைசி இரண்டு திருப்பங்களை மனதில் வையுங்கள், மீதியைக் குரல் சொல்லும். மேப்பில் தமிழ்க் குரலும் உண்டு. போனில் கேட்பது வழி மட்டும், பாட்டு வேண்டாம்.

புது ஆர்டர் மணி அடித்தால்: இடது இண்டிகேட்டர், கண்ணாடி, ஓரம், நிற்பது, அதன்பிறகே திரை. பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் நிற்காதீர்கள், தாண்டி நில்லுங்கள். கார்க்காரர்களுக்கும் ஒரு சொல்: நான்கு வழிச்சாலையில் வெள்ளைக் கோட்டை ஒட்டி நிறுத்திப் பேசுவது ஓட்டிக்கொண்டே பேசுவதைவிடப் பாதுகாப்பு என்று எண்ண வேண்டாம். நிற்கும் வண்டியின் பின்னால் வந்து மோதுவது அங்கே சகஜம். பெட்ரோல் பங்க், டோல்கேட்டைத் தாண்டிய அகலம், சர்வீஸ் ரோடு, இவற்றில் ஒன்று வரும் வரை பொறுங்கள்.

பைக் ஹேண்டில்பாரில் ஹோல்டர் மாட்டியபின் போன் கேமரா மங்கிவிட்டது. தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

உண்டு. படம் ஆடாமலிருக்கக் கேமராவுக்குள் லென்ஸைத் தாங்கும் நுண்ணிய அமைப்பு எஞ்சின் அதிர்வில் கெடலாம். அதிக சக்தியுள்ள பைக்குகளைப் பற்றி ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்தது. அதிர்வு தாங்கும் ரப்பர் அடுக்குள்ள ஹோல்டர் வாங்குங்கள், அல்லது மேப் தேவைப்படும் நாளில் மட்டும் மாட்டுங்கள்.

டவுன் பஸ் டிரைவர் போன் பேசினால்?
– ஒரு வாசகி, சேலம்

கண்டக்டரிடம் சொல்லுங்கள். டிரைவரோடு ஓடும் பஸ்ஸில் வாக்குவாதம் வேண்டாம், அது இன்னொரு கவனச் சிதறல். பஸ் எண், தடம், நேரம் மூன்றையும் குறித்துப் போக்குவரத்துக் கழகத்துக்குப் புகார் அனுப்புங்கள்.

மகன் ஏழு மணிக்கு வேலை முடிந்து கிளம்புவான். வந்து சேரும் வரை மனசு கேட்காமல் நானே போன் போட்டுவிடுகிறேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்.
– ஒரு அம்மா, ஓசூர்

அவர் போனில் ‘தொந்தரவு செய்யாதே’ அல்லது ‘டிரைவிங்’ வசதி இருக்கும். இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஐபோனில் அமைப்புகளுக்குள் ‘ஃபோகஸ்’ பகுதியில் இருக்கிறது. காரின் புளூடூத் சேர்ந்தவுடன் தானாக இயங்கும்படியும், மெசேஜ் அனுப்புபவருக்குத் தானாகப் பதில் போகும்படியும் வைக்கலாம். ஆண்ட்ராய்டில் ‘தொந்தரவு செய்யாதே’ பகுதியில் ‘மீண்டும் அழைப்பவர்’ என்ற வசதியை இயக்கினால், 15 நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அதே எண்ணிலிருந்து வரும் அழைப்பு மட்டும் மணி அடிக்கும். இரண்டாம் மணி என்றால் ஆஸ்பத்திரி அளவு அவசரம், அவர் ஓரம் கட்டுவார் என்று இருவரும் பேசிவைத்துக்கொள்ளுங்கள். சாம்பாருக்குத் தக்காளி வாங்கச் சொல்வது முதல் மணியோடு நிற்கட்டும்.

கவலைக்கு வேறு வழி: கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் உங்களுக்கு ‘நேரலை இருப்பிடம்’ அனுப்பச் சொல்லுங்கள். 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று மூன்று தேர்வு வரும், 1 மணி போதும். புள்ளி நகர்ந்தால் வந்துகொண்டிருக்கிறார். டீக்கடை அருகில் நின்றால் டீ குடிக்கிறார், அப்போது கூப்பிடுங்கள்.