ஆப்ஷன் 66 கொடுத்தும் யீலிங்க் ஐபி போன் கான்ஃபிக் ஃபைலை எடுக்கவில்லை, ஏன்?

கான்ஃபிக் (செட்டிங்) ஃபைல் இருக்கும் சர்வரின் முகவரியைப் போனுக்குச் சொல்வதுதான் ஆப்ஷன் 66; போனுக்கு ஐபி முகவரி தரும் டிஹெச்சிபி சேவை அதை அனுப்பும். முதலில் அந்தச் சர்வரின் ஆக்சஸ் லாகை, அதாவது வந்த கோரிக்கைகளின் பதிவைப் பாருங்கள். போனை ரீபூட் செய்ததும் அங்கே ஒரு வரிகூட விழவில்லை என்றால் முதலில் டிஹெச்சிபியைச் சந்தேகியுங்கள். பெரும்பாலும் போன் இருக்கும் வாய்ஸ் விலானின் (போன்களுக்கான தனி நெட்வொர்க் பிரிவு) டிஹெச்சிபி ஸ்கோப்பில் (அந்தப் பிரிவுக்கான அமைப்புத் தொகுப்பு) ஆப்ஷன் 66 இருக்காது.

லாகில் 404 (ஃபைல் இல்லை) வந்தால் ஃபைல் பெயரைச் சரிபாருங்கள். போன் முதலில் மாடலுக்கான பொது ஃபைலையும், பிறகு தன் மேக் முகவரியின் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி வன்பொருள் எண்) பெயரிலான ஃபைலையும் கேட்கும். அந்தப் பெயரில் முக்காற்புள்ளி (:) கூடாது, ஆங்கில எழுத்துகள் சிறியவையாக (lowercase) இருக்க வேண்டும். லினக்ஸ் சர்வர் பெரிய எழுத்தை வேறு ஃபைலாகவே பார்க்கும். 200 (ஃபைல் கிடைத்தது) வந்தும் செட்டிங் மாறவில்லையா? ஃபைலின் முதல் வரியில் வெர்ஷன் குறிப்பு (#!version:1.0.0.1) விடுபட்டிருக்கலாம். அது இல்லாவிட்டால் போன் மொத்த ஃபைலையும் ஒதுக்கிவிடும்.

கிளை அலுவலகங்களுக்குக் கான்ஃபிக் ஃபைலை இணையம் வழியாக அனுப்புவதானால் டிஎஃப்டிபி (மறைகுறியாக்கம் இல்லாத எளிய ஃபைல் பரிமாற்ற முறை) வேண்டவே வேண்டாம். அதில் சிப் (SIP) அழைப்புக் கணக்கின் பாஸ்வேர்டு அப்படியே வெளிப்படையாகப் போகும், ரவுட்டர் முகவரியை மாற்றும் நேட்டைத் (NAT) தாண்டுவதும் தகராறு. ஹெச்டிடிபிஎஸ் வையுங்கள், கூடவே யூசர்நேம், பாஸ்வேர்டும் கட்டாயம். மேக் முகவரியின் முதல் பாதி தயாரிப்பாளருக்கு உரியது என்பதால், மீதியை ஊகித்து ஃபைல்களை அள்ளுபவர்கள் உண்டு. சர்வரின் ஹெச்டிடிபிஎஸ் சர்டிஃபிகேட் சரியாக இருந்தும் இணைப்பு மறுக்கப்பட்டால், போனின் கடிகாரத்தைப் பாருங்கள்: என்டிபி (நேரம் தரும் சேவை) கிடைக்காத போன் பழைய தேதியிலேயே நின்று, நல்ல சர்டிஃபிகேட்டையும் நிராகரிக்கும்.